காத்து வாங்கப் போனேன் – வீட்டுப் பட்டறைக்கு ஒரு பெரிய கம்ப்ரசர்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த பதிவு. வீட்டுல தனியா ஒரு பட்டறை வச்சு மர வேலை, பழைய வண்டி ரிப்பேர்னு பொழுதைப் போக்குற ஆசாமிகளுக்கு மட்டும். மத்தவங்க இப்படியே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :)

விஷயம் என்னன்னா, ஏர் கம்ப்ரசர். அதுவும் பெரிய கம்ப்ரசர்.

கதை எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன். அப்பாவோட 1984 மாடல் பஜாஜ் சேத்தக் ஒண்ணு ஷெட்டுல கிடக்குது. (இப்ப 2020ல இருந்து வர்ற கரண்ட் சேத்தக் இல்லீங்க, சாய்ச்சு வச்சு உதைச்சா ஸ்டார்ட் ஆகுமே, அந்த அசல் சேத்தக்.) அப்பா போனதுக்கு அப்புறம் அதை விக்க மனசு வரல. ஒவ்வொரு பார்ட்டா கழட்டி, தகரம் தட்டி, பட்டி பாத்து, நானே பெயிண்ட் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணுனேன். அதுக்குன்னு 1 எச்.பி., 50 லிட்டர் டேங்க் வச்ச ஒரு சின்ன கம்ப்ரசர் வாங்கினேன். கடைக்காரர் "கார் முழுசா அடிக்கலாம் சார்"னு சொன்னாரு. நானும் நம்பினேன்.

முதல் நாள் வலது பக்க டிக்கிக்கு அடிச்சேன். முதல் அரை நிமிஷம் வெண்ணெய் மாதிரி போச்சு. அப்புறம் துப்ப ஆரம்பிச்சது பாருங்க... பெயிண்ட் பொட்டுப் பொட்டா விழுது. கேஜைப் பாத்தா முள்ளு 3க்கு வந்துடுச்சு. நிறுத்தி, காத்து ஏற வெயிட் பண்ணி, மறுபடி அடிச்சா முதல்ல அடிச்சது காஞ்சு போய் ஜாயிண்ட் தெரியுது. முடிச்சுப் பாத்தப்ப அது டிக்கி மாதிரியே இல்ல, ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி இருந்துச்சு. மூணு நாள் தேய்ச்ச வேலை, கால் லிட்டர் பெயிண்ட், எல்லாம் போச்சு. தங்கமணி எட்டிப் பாத்துட்டு "கலர் நல்லா இருக்கு, ஏன் சொரசொரன்னு இருக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அலைஞ்சதுதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ல (கோயமுத்தூருங்க, கம்ப்ரசருக்குப் பேர் போன ஊரு. எல்ஜி கம்பெனி 1960ல இங்கதான் ஆரம்பிச்சது) நஞ்சப்பா ரோட்டுல ஏறி இறங்கினா எந்தக் கடையிலயும் முதல் கேள்வி "எத்தனை எச்.பி.ங்க?" ரெண்டாவது கேள்வி "டேங்க் எத்தனை லிட்டர்?" அவ்வளவுதான். இந்த ரெண்டு கேள்வியுமே தப்புங்கறது என் தாழ்மையான கருத்து. எச்.பி.ங்கறது அது எவ்வளவு கரண்ட் குடிக்குங்கறதைச் சொல்லுது. லிட்டர்ங்கறது எவ்வளவு சேத்து வைக்குங்கறதைச் சொல்லுது. உங்க துப்பாக்கிக்கு (பெயிண்ட் துப்பாக்கிங்க) நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து வந்து சேரும்ங்கறதை ரெண்டுமே சொல்லல. அதைச் சொல்றது சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி. ஒரு கன அடின்னா 28.3 லிட்டர்.

அதுலயும் ஒரு உள்குத்து இருக்கு. போர்டுல பெருசா போட்டிருக்கிற சி.எஃப்.எம். பல சமயம் பிஸ்டன் மேல கீழ போறப்ப எவ்வளவு இடத்தைத் துடைக்குதுங்கற கணக்கு. 'டிஸ்ப்ளேஸ்மெண்ட்'னு சொல்லுவாங்க. ஆனா சிலிண்டர் மேல கொஞ்சம் காத்து மிச்சம் தங்கும், வால்வுல கசியும், உள்ள வர்ற காத்து சூடாகி விரியும். கடைசியில வெளிய வர்றது அதுல முக்கால் பங்குதான், சில மட்டமான மெஷின்ல 65 சதவீதம்தான். நிஜமா வெளிய வர்றதுக்குப் பேரு எஃப்.ஏ.டி., 'ஃப்ரீ ஏர் டெலிவரி'. கேக்க வேண்டியது அதை மட்டும்தான். "7 கிலோ பிரஷர்ல எஃப்.ஏ.டி. எவ்வளவு?"ன்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சார்னா கேட்லாக் கேளுங்க. கேட்லாக்கும் இல்லைன்னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க. நல்ல மெஷின்னா 1 எச்.பி.க்கு 3ல இருந்து 4 சி.எஃப்.எம். வரும். அதுக்கு மேல யாராவது சொன்னா காதுல பூ வைக்கிறாங்கன்னு அர்த்தம்.

இப்ப என் ஆரஞ்சுத் தோல் கணக்கைப் போட்டுப் பாக்கலாம். நான் வச்சிருந்த துப்பாக்கி நிமிஷத்துக்கு 10 சி.எஃப்.எம். கேக்கற ஜாதி. கம்ப்ரசர் குடுக்கறது 3. பற்றாக்குறை 7. டேங்க்ல இருக்கிற 50 லிட்டர் காத்து 8 பார்ல இருந்து 4 பாருக்கு இறங்கினா வெளிய வர்றது 50 பெருக்கல் 4, அதாவது 200 லிட்டர். சி.எஃப்.எம். கணக்குல 7 கன அடி. ஆக சரியா ஒரு நிமிஷத்துல கடை சாத்தியாச்சு. ராபர்ட் பாயில் 1662லயே சொல்லிட்டுப் போன கணக்கு இது. பத்தாவதுல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனவன்தான் நானும். கடையில நிக்கும்போது ஞாபகம் வரலையே :(

இதுல இருந்து ஒண்ணு புரியும். பெரிய டேங்க் இருந்தா எல்லாம் சரியாகிடும்னு பல பேரு நினைக்கிறாங்க. டேங்க்ங்கறது கிணறு இல்லீங்க, குடம். ஊத்து இல்லாத இடத்துல எத்தனை பெரிய குடம் வச்சாலும் காலியாகத்தான் போகும். காலியான பெரிய குடம் ரொம்பவும் அதிக நேரம் ஆகும். ஆணி அடிக்கிற துப்பாக்கி மாதிரி விட்டு விட்டு வேலை செய்யற கருவிக்குக் குடம் போதும். தொடர்ந்து இழுக்கிற கருவிக்கு ஊத்துதான் முக்கியம்.

எந்தக் கருவி எவ்வளவு குடிக்கும்? வீல் நட்டு கழட்டுற அரை இஞ்ச் இம்பாக்ட் சராசரியா 4, 5 சி.எஃப்.எம்.ல சமாளிச்சுடும், ஏன்னா விட்டு விட்டுத்தான் ஓட்டுவோம். காத்துல ஓடுற சாண்டர் இருக்கே, அது மகா குடிகாரன், 10ல இருந்து 15 வரைக்கும் இழுக்கும். எச்.வி.எல்.பி. பெயிண்ட் துப்பாக்கி 10 – 14. எல்.வி.எல்.பி.னு ஒரு ரகம் இருக்கு, அது 4 – 6லயே வேலை பாக்கும், கொஞ்சம் மெதுவா. மணல் வீச்சு, அதான் சாண்ட் பிளாஸ்டிங், 3 மி.மீ. ஓட்டை இருக்கிற நாசிலுக்கே 17க்கு மேல வேணும். ஓட்டை தேஞ்சு பெருசாகப் பெருசாக இன்னும் கேக்கும். வீட்டுல சாண்ட் பிளாஸ்டிங் பண்ணப் போறேன்னு யாராவது கிளம்பினா, நான் கையெடுத்துக் கும்பிட்டு, பொருளைத் தூக்கிட்டுப் போய் வெளிய குடுத்து அடிச்சுட்டு வரச் சொல்லுவேன். அந்த ஒரு வேலைக்காக 7.5 எச்.பி. மெஷினை வீட்டுல கட்டி அழ முடியாது.

சாண்டருக்கும் அதேதான். கரண்ட்ல ஓடுற சாண்டர் 300 வாட்ல செய்யற வேலையை காத்து சாண்டர் செய்ய கம்ப்ரசர் 3 எச்.பி.யும் மூச்சு வாங்கணும். காத்தை அமுக்கும்போது கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகுது, கருவியோட நுனிக்கு வந்து சேர்றது பத்துல ஒண்ணு, ஒன்றரைப் பங்கு. அதனால காத்து இல்லாம நடக்கிற வேலை எல்லாத்தையும் கரண்ட் கருவிக்கு மாத்திட்டு, காத்து இல்லாம நடக்கவே நடக்காத வேலைக்கு மட்டும் கம்ப்ரசரை அளவெடுங்க. எனக்கு அப்படி மிஞ்சினது பெயிண்ட் மட்டும்தான். 8, 9 சி.எஃப்.எம். நிஜக் காத்து. அதாவது 3 எச்.பி., 160 லிட்டர். இது நான் பேப்பர்ல போட்டு முடிச்ச கணக்கு.

இந்த நேரம் பாத்துத்தான் மச்சான் ஃபோன் பண்ணுனாரு.

தங்கமணியோட அண்ணன். சிங்காநல்லூர்ல இருபது வருஷமா சின்னதா ஒரு பட்டறை வச்சிருந்தாரு. முதுகு வலி, ஆள் கிடைக்கலன்னு மூடிட்டாரு. "மாப்ள, நம்ம கம்ப்ரசர் சும்மாதான் கெடக்குது. 5 எச்.பி., 220 லிட்டர். வெளிய குடுத்தா முப்பது ரூவாய்க்குப் போகும். நீங்க பதினஞ்சு குடுங்க, எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. (முப்பது ரூவான்னா முப்பதாயிரம்.) புது மெஷின் விலையில கால்வாசி கூட இல்ல. தங்கமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் பொருள் நம்ம வீட்டுக்கு வருது, பணமும் மிச்சம். எனக்கும் வாயில தண்ணி ஊறுச்சு, பொய் சொல்லல.

ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தேன். ப்ளாக் (அதாங்க, பிஸ்டன் இருக்கிற பம்ப்) பிரமாதம். வார்ப்பு இரும்பு, ரெண்டு சிலிண்டர், ஆயில் மாத்தி மாத்தி வச்சிருக்காரு, கையால புல்லியைச் சுத்தினா கம்ப்ரஷன் கும்முனு இருக்கு. டேங்குக்கு புதுசா நீலப் பெயிண்ட் வேற அடிச்சு வச்சிருந்தாரு. குனிஞ்சு அடியில இருக்கிற டிரெயின் பிளக்கைத் தேடினேன். இருந்துச்சு, ஆனா பெயிண்ட்டோட பெயிண்ட்டா ஒட்டிப் போய் இருந்துச்சு. "இதைக் கடைசியா எப்ப மச்சான் தொறந்தீங்க?"ன்னேன். "அதை எதுக்கு மாப்ள தொறக்கோணும்?"ன்னாரு.

பைப் ரிஞ்ச் போட்டுத் தொறந்தோம். கருப்பட்டிக் காப்பி மாதிரி தண்ணி, மூணு லிட்டருக்கு மேல வந்துச்சு. கூடவே துருச் செதில்.

தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேக்கறீங்களா? நாம சுவாசிக்கிற காத்துலதான். 30 டிகிரி வெயில்ல ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் தண்ணியை ஆவியா புடிச்சு வச்சிருக்கும். மழைக் காலத்துல 80 சதவீத ஈரப்பதம்னா 24 கிராம். அதை 8 பாருக்கு அமுக்கினா காத்து ஒன்பதுல ஒரு பங்கா சுருங்குது, ஆறின பிறகு அதுல 3, 4 கிராமுக்கு மேல நிக்க இடமில்ல. மிச்சம் 20 கிராமும் தண்ணியா டேங்க் அடியில. 10 சி.எஃப்.எம். மெஷின் ஒரு மணி நேரம் ஓடினா 17 கன மீட்டர் காத்து, ஆக முக்கால் டம்ளர் இல்லீங்க, சுளையா 350 மில்லி தண்ணி. சென்னை, தூத்துக்குடி பக்கம் இருக்கிறவங்க இன்னும் கொஞ்சம் சேத்துக்குங்க. தினமும் தொறந்து விடலைன்னா டேங்க் உள்ளுக்குள்ள இருந்தே அரிச்சுக்கிட்டு வரும். வெளிய நீலப் பெயிண்ட் பளபளன்னு இருக்கும்.

மறுநாள் கம்பெனியில குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல இருக்கிற ஒரு நண்பரைக் கெஞ்சி, தகரத்தோட தடிமன் பாக்கிற அல்ட்ராசோனிக் மீட்டரோட கூட்டிட்டுப் போனேன். மேல் பக்கம் 4.9 மி.மீ. காட்டுச்சு. அடியில தேய்ச்சுப் பாத்தா 2.6, 2.3, ஒரு இடத்துல 2.1. கணக்குப் போட்டுப் பாருங்க: 450 மி.மீ. விட்டம், 10 பார் பிரஷர், சாதா இரும்புல பாதுகாப்பா 100 மெகாபாஸ்கல்தான் அனுமதிக்கலாம்னு வச்சா 2.25 மி.மீ.யாவது வேணும். அதுவும் வெல்டிங்கைக் கணக்குல சேக்காம, துருப் பிடிக்கிறதுக்கு ஒரு பைசா விடாம. மீட்டர் பாக்காத இடத்துல எத்தனை குழி இருக்கோ.

"பத்து வருசமா ஓடிட்டுத்தான இருக்குது மாப்ள, ஒண்ணும் ஆகலியே"ன்னாரு மச்சான். வெடிக்கிற டேங்க் எல்லாமே அதுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒண்ணும் ஆகாம ஓடுனதுதான். இதை அவர்கிட்ட சொல்லல, மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

160 லிட்டர் டேங்க்ல 10 பார் காத்து இருந்தா அதுல அடைஞ்சு கிடக்கிற சக்தி சுமாரா 200 கிலோ ஜூல். ஒரு டன் எடை கார் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப இருக்கிற சக்திக்கு அது சமம். மச்சானோட 220 லிட்டருக்கு இன்னும் அதிகம். தொழிற்சாலைன்னா டேங்கைக் காலா காலத்துல சோதிக்கணும், சர்ட்டிபிகேட் வாங்கணும். வீட்டு ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போறாரு? என் ஷெட்டுல பாப்பா ஸ்டூல் போட்டு உக்காந்து ஹோம்வொர்க் எழுதுவா, "அப்பா, தாத்தா வண்டி எப்ப ரெடியாகும்?"னு கேட்டுக்கிட்டே. டேங்க் வைக்க இடம் இருக்கிறது அந்த ஸ்டூலுக்கு ஆறடி தள்ளி. அதுக்கு மேல நான் யோசிக்கல.

வேண்டாம்னு சொல்லிட்டேன். எவ்வளவு பக்குவமா சொன்னாலும் அது பக்குவமா போய்ச் சேரலீங்க. "நான் என்ன உங்களை ஏமாத்தவா பாத்தேன்?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மச்சான் உள்ள போயிட்டாரு. வீட்டுக்கு வந்தா இங்க அதுக்கு மேல. "எங்கண்ணன் குடுத்ததுங்கறதாலதான வேண்டாங்கறீங்க"ன்னு தங்கமணி ரெண்டு நாள் பேசல. பொங்கலுக்கு அவங்க வீட்டுல இருந்து வர்ற கரும்பு அந்த வருஷம் வரல. ஒரு தகர டேங்குக்கு இத்தனை அக்கப்போரு.

"அடியில ஒரு பிளேட் வச்சு வெல்டு பண்ணிக்கலாமே"ன்னு ரெண்டு பேரு யோசனை சொன்னாங்க. பண்ணவே பண்ணாதீங்க. மெலிஞ்ச தகரத்துல வெல்டு வச்சா ஓரத்துல இன்னும் பலவீனம் ஆகும். பழைய டேங்க் வாங்கியே தீருவேன்னா, காத்தால சோதிக்காதீங்க, தண்ணியால சோதிங்க. முழுக்கத் தண்ணி நிரப்பி, கைப்பம்ப் வச்சு, ஓடுற பிரஷருக்கு ஒன்றரை மடங்கு ஏத்திப் பாக்கணும். தண்ணி அமுங்காது, அதனால டேங்க் விட்டுப் போனாலும் ஒழுகுறதோட நிக்கும். காத்து அப்படி இல்ல.

மூணு வாரம் கழிச்சு எனக்கு ஒரு யோசனை. மச்சான் வீட்டுக்கு நேராப் போய், "மச்சான், டேங்க் வேண்டாம். ப்ளாக்கை மட்டும் எனக்குக் குடுங்க. இந்த மாதிரி ப்ளாக் இப்ப காசு குடுத்தாலும் கிடைக்காது"ன்னேன். இது ஐஸ் வைக்கிறதுக்காகச் சொன்னது இல்ல, நிஜம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஸ்பேனர் பெட்டியை எடுத்துட்டு வந்தாரு.

கம்ப்ரசர்ல ஒரு நல்ல குணம் இருக்கு. பெல்ட்ல ஓடுற ப்ளாக்கை மெதுவா ஓட்டினா, காத்தும் அதே விகிதத்துல குறையும், தேவைப்படற எச்.பி.யும் குறையும். மச்சானோட ப்ளாக் 900 ஆர்.பி.எம்.ல 18 சி.எஃப்.எம். டிஸ்ப்ளேஸ்மெண்ட், 5 எச்.பி. அதுல 14 இஞ்ச் புல்லி. 1440 ஓடுற 3 எச்.பி. மோட்டார்ல 5.5 இஞ்ச் புல்லி போட்டா ப்ளாக் 565 சுத்தும். 18க்குப் பதிலா 11.3, அதுல முக்கால்வாசி நிஜக் காத்துன்னா 8.5. எனக்கு வேண்டியது அதேதான்! ரொம்ப இறக்கக் கூடாது, ஏன்னா ஆயிலைத் துடுப்பு அடிச்சுத்தான் மேல தெளிக்குது, வேகம் போச்சுன்னா ஆயில் ஏறாது. இந்த ப்ளாக்குக்கு 500 வரைக்கும் பரவால்லைன்னு மச்சான் சொன்னாரு. மெதுவா ஓடுறதால சூடும் குறைவு, சத்தமும் குறைவு. 2800ல கத்துற டைரக்ட் டிரைவ் மெஷினையும் இதையும் பக்கத்துல வச்சுக் கேட்டா, அது கொசு, இது மாட்டு வண்டி.

புது டேங்க் 160 லிட்டர், டெஸ்ட் சர்ட்டிபிகேட்டோட வாங்கினேன். செலவு கூடத்தான். ஆனா இந்த மொத்த மெஷின்லயும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாத ஒரே சாமான் அதுதான். அடுத்தது சேஃப்டி வால்வு. வாரம் ஒரு தடவை வளையத்தை இழுத்து விட்டு 'புஸ்'னு வருதான்னு பாருங்க.

கரண்ட் விஷயம். என் வீடு சிங்கிள் ஃபேஸ். இங்கதான் பல பேரோட 5 எச்.பி. கனவு கலையும். சிங்கிள் ஃபேஸ்ல 3 எச்.பி. மோட்டாரை நேரடியா ஸ்டார்ட் பண்ணினா ஓடுற கரண்ட்ட விட ஆறு மடங்கு ஒரு நொடிக்கு இழுக்கும். வீட்டு லைட்டெல்லாம் கண்ணடிக்கும். சாயங்காலம் வோல்ட்டேஜ் கம்மியா இருந்தா மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், கெப்பாசிட்டர் போகும். நான் 3 ஃபேஸ் மோட்டாரே வாங்கி, சிங்கிள் ஃபேஸை 3 ஃபேஸா மாத்துற வி.எஃப்.டி. ஒண்ணு போட்டுட்டேன். மெதுவா வேகம் எடுக்குது, லைட்டு அசையறதே இல்ல. ஒரு எச்சரிக்கை: பிரஷர் ஸ்விட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவுல போடாதீங்க, டிரைவ் அவுட். அதை வி.எஃப்.டி.யோட ரன் டெர்மினல்ல குடுக்கணும். தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், தனி எம்.சி.பி. வீட்டோட லோடு பத்தலைன்னா ஈ.பி. ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ஏத்திக்குங்க. அப்புறம், காசு வாங்கிட்டு அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சா அது வீட்டு டாரிஃப்ல வராது, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

பைப். பி.வி.சி. பைப்பைக் காத்துக்குப் போடாதீங்க. தண்ணிக்குப் போட்டா விரிசல் விடும், காத்துக்குப் போட்டா கண்ணாடி மாதிரி சில்லு சில்லா தெறிக்கும். எத்தனையோ பட்டறையில பாத்திருக்கேன், பாக்கும்போதெல்லாம் பகீர்னு இருக்கும். ஜி.ஐ., தாமிரம், அலுமினியம், உங்க பட்ஜெட் எதுவோ அது. தண்ணி பிரிக்கிற ஃபில்டரை டேங்க் வாயிலயே மாட்டாதீங்க, அங்க காத்து இன்னும் சூடா இருக்கும், தண்ணி ஆவியாவே ஃபில்டரைத் தாண்டிப் போய் பெயிண்ட்ல மீன் கண்ணு மாதிரி குழி விழும். 6, 7 மீட்டர் பைப்பு ஓடி ஆறின பிறகு மாட்டுங்க. ஹோஸ் 8 மி.மீ.யை விட 10 மி.மீ. நல்லது.

சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. குடியிருப்புப் பகுதிக்கு 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. பிஸ்டன் கம்ப்ரசர் பக்கத்துல நின்னா 80க்கு மேல. நான் ஷெட்டுக்கு வெளிய தனிக் கூரை போட்டு, ரப்பர் பேட் வச்சு, காத்து உறிஞ்சற வாய்க்கு ஒரு குழாய் போட்டு பின்பக்கம் திருப்பிட்டேன். பாதி சத்தம் அந்த வாய்லதாங்க இருக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் தூங்குவாங்க. அந்த நேரம் மெஷின் ஓடாது. இதுக்கு விதி தேவையில்ல.

எல்லாம் மாட்டி முடிச்சதும் எஃப்.ஏ.டி. நானே அளந்தேன். நீங்களும் கடையிலயே, வாங்கறதுக்கு முன்னாடியே அளக்கலாம், ஸ்டாப்வாட்ச் போதும். எல்லா வால்வையும் மூடிட்டு, கேஜ் 4ல இருந்து 7க்குப் போக எத்தனை நொடின்னு பாருங்க. எனக்கு 118 நொடி. 160 பெருக்கல் 3, 480 லிட்டர். நிமிஷத்துக்கு 244 லிட்டர், அதாவது 8.6 சி.எஃப்.எம். டேங்க்ல காத்து சூடா இருக்கிறதால இது கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும், போகட்டும். கடைக்காரர் இதுக்குச் சம்மதிக்கலைன்னா அதுவே உங்களுக்குப் பதில்.

12 சி.எஃப்.எம். கேக்கற எச்.வி.எல்.பி. துப்பாக்கியையே மாட்டிப் பாத்தேன். மெஷின் ஓடிக்கிட்டே இருக்க, 8ல இருந்து 5க்கு இறங்க அஞ்சு நிமிஷம் ஆகுது. சேத்தக்கோட ஒரு டிக்கிக்கு ரெண்டு நிமிஷம்தான் தேவை. பழைய ஆரஞ்சுத் தோலை மொத்தமாத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். பாப்பாவை அன்னைக்கு ஷெட்டுப் பக்கமே விடல. டூ-கே பெயிண்ட்டோட ஹார்டனர்ல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு எமன், துணியைக் கட்டிக்கிட்டு அடிக்கிற சமாச்சாரம் இல்ல. முழு மாஸ்க் இல்லாம அதைத் தொடாதீங்க. அதே மாதிரி காத்துக் குழாயை மேல ஊதித் தூசி தட்டறது, விளையாட்டுக்கு அடுத்தவன் மேல வைக்கிறது, எதுவும் கூடாது. அப்படி விளையாடி உயிரே போன செய்தியெல்லாம் பேப்பர்ல வந்திருக்கு.

போன மாசம் மச்சான் வந்திருந்தாரு. ஷெட்டுக்குள்ள போய் ப்ளாக் மேல கை வச்சு, சூடு பாத்தாரு. ஆயில் கண்ணாடியைக் குனிஞ்சு பாத்தாரு. "பரவால்ல, ஒழுங்கா வச்சிருக்கீங்க"ன்னாரு. அப்புறம் அவரே டேங்க் அடியில இருக்கிற வால்வைத் தொறந்து தண்ணியை விட்டாரு. பழைய டேங்க் என்னாச்சுன்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். பஞ்சர் கடைக்காரர் ஒருத்தர் எட்டாயிரத்துக்குக் கேட்டாராம். குடுக்கல. கட்டிங் மெஷின் போட்டு ரெண்டாப் பொளந்துட்டாராம். ஒரு பாதி மாட்டுக்குத் தண்ணித் தொட்டி. அடிப்பக்கத்துப் பாதி எடைக்குப் போயிடுச்சு. பொளந்தப்ப உள்ள பாத்தீங்களான்னு கேட்டேன். "பாத்தேன்"னு மட்டும் சொன்னாரு.

டிஸ்கி 1: எந்த பிராண்டு வாங்கலாம்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. எஃப்.ஏ.டி. கேளுங்க, டேங்க் சர்ட்டிபிகேட் கேளுங்க, உங்க ஊர்ல வால்வு பிளேட்டும் பிஸ்டன் ரிங்கும் எந்த மெஷினுக்குக் கிடைக்குதுன்னு கேளுங்க.

டிஸ்கி 2: சேத்தக் கலர் அதே பழைய வெளிர் நீலம்தான். இடது டிக்கி இன்னும் பாக்கி. தங்கமணி தடவிப் பாத்துட்டு "இப்ப வழவழன்னு இருக்கு"ன்னாங்க :)